சிவப்புக் கிணற்றுக்கு மாலை போட்ட கதை

விளக்கம் சொல்வது ஆபத்தான தொழில். கிள்ளான் துறைமுகத்தில் மூட்டை தூக்கியிருக்கிறேன். கேமரன் மலையில் காய்கறி லோரிக்கு உதவியாளாகப் போய், ஒரு வளைவில் முட்டைக்கோசுகளோடு சேர்ந்து நானும் உருண்டிருக்கிறேன். செகிஞ்சான் மீன் துறையில் ஐஸ் உடைக்கும்போது கட்டைவிரல் நகம் ஒன்று நண்டுக் கூடைக்குள் விழுந்து, தேடியும் கிடைக்கவில்லை. அங்கெல்லாம் அடிபட்டது நான் மட்டும்தான். மைக்கைப் பிடித்து ஊருக்கு ஒரு விஷயத்தை விளக்கப் போனது வாழ்க்கையில் ஒரே தடவை. அன்று எனக்கு ஒரு கீறல்கூட இல்லை.

படிவம் இரண்டோடு, அதாவது எட்டாம் வகுப்போடு, பள்ளியை விட்டவன் நான். ஆனால் வாய் மட்டும் பல்கலைக்கழகம் வரை போகும். இந்த ஒரு தகுதியை வைத்துக்கொண்டுதான் எல்லாம் நடந்தது.

அப்போது ஊர் சுற்றிக் களைத்து, கோலசிலாங்கூர் பக்கத் தோட்டம் ஒன்றில் அக்கா வீட்டில் வந்து விழுந்திருந்தேன். அக்கா சரசு, மாமா முனியாண்டி. (அக்காவின் கணவரை எங்கள் வீட்டில் மாமா என்றுதான் கூப்பிடுவோம்.) மாமா எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை வெட்டுகிறவர். ஒப்பந்தக்காரனிடம் வேலை என்பதால் தோட்டத்து ஆள் கணக்கில் அவர் பெயர் இல்லை. ஆனாலும் பிறந்ததிலிருந்து தோட்டம் கட்டிக்கொடுத்த அதே லயத்து வரிசை வீட்டில்தான் இருந்தார். தோட்டத்தை விற்றுவிட்டார்கள். லயத்து ஜனங்களுக்கு மாற்று வீடு தருவார்கள் என்று ஒரு பேச்சு, தரமாட்டார்கள் என்று இன்னொரு பேச்சு. அக்கா காலையில் முதல் பேச்சை நம்பி எழுந்திருப்பாள், இரவில் இரண்டாவதை நம்பிப் படுப்பாள். போக வேறு இடம் கிடையாது. மாமாவின் முதுகு இன்னும் எத்தனை காலத்துக்குக் குலை தாங்கும் என்பதும் யாருக்கும் தெரியாது.

அந்த வருடம் மழை அடித்த அடியில் வாய்க்கால் நிரம்பி, லயத்துக்குப் பின்னாலிருந்த பழைய கிணறுகள் வரை தண்ணீர் ஏறி வடிந்தது. அது வடிந்த கையோடு குழாய்த் தண்ணீரும் நின்றுவிட்டது. எங்கோ பெரிய குழாய் உடைந்துவிட்டதாம். தண்ணீர் லோரி வரும், ஆனால் பெரிய ரோட்டோடு நின்றுவிடும். அங்கேயிருந்து வாளி தூக்கிக்கொண்டு வர இடுப்பு இருக்கிறவர்கள் தூக்கினார்கள். மற்றவர்கள், அதுவரை மோட்டார் சைக்கிள் கழுவ மட்டும் பயன்பட்ட கிணறுகளைச் சுத்தம் செய்து இறைக்க ஆரம்பித்தார்கள்.

அந்த நேரத்தில்தான் டாக்டர் யாழினி வந்தார். ஊசி போடும் டாக்டர் இல்லை, பல்கலைக்கழக ஆராய்ச்சி டாக்டர். வெள்ளம் வடிந்த இடங்களில் கிணற்றுத் தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. அவரோடு வந்த இரண்டு மாணவர்களும் கோலாலம்பூர்ப் பிள்ளைகள். வண்டியை விட்டு இறங்கியதும் நாய்களைப் பார்த்துத் திரும்ப வண்டிக்குள் ஏறிக்கொண்டார்கள். நான் நாய்களை விரட்டிவிட்டேன். "இங்கே உள்ளவர்கள் உங்களுக்குப் பழக்கமா?" என்று டாக்டர் கேட்டார். "எல்லாரும் நம்ம ஆளுங்கதான் டாக்டர், நான் சொன்னா கேப்பாங்க" என்றேன். (அந்த லயத்தில் நான் சொன்னால் கேட்கும் ஜீவன் அந்த நாய்கள் மட்டும்தான். அதுவும் கல்லைப் பார்த்து.)

உடனே வேலை கொடுத்தார். புட்டியில் தண்ணீர் மொண்டு கொடுப்பது, வீட்டுக்காரர்களிடம் பேச்சுக் கொடுப்பது, முடிவு வந்த பிறகு கிணற்றுச் சுவரில் சாயம் அடிப்பது. கிருமி இருப்பதாகத் தெரிகிற கிணற்றுக்குச் சிவப்பு, இல்லாததற்குப் பச்சை. வேறு ஏதோ நாட்டில் இப்படிச் செய்து பல உயிர்களைக் காப்பாற்றினார்களாம். படிக்கத் தெரியாதவனுக்கும் புரியும் என்றார். எனக்கும் அது பிரமாதமான யோசனையாகத்தான் பட்டது.

முடிவு வந்தது. மோகன் வீட்டுப் பின்னாலிருந்த கிணறு சிவப்பு. அக்கா வீட்டுக் கிணறு பச்சை. மீதியும் பச்சை. மோகன் என் வயதுக்காரன், ரவாங்கில் தொழிற்சாலை வேலை. அவன் வீட்டுக் கிணற்றுக்கு நான் சிவப்பு அடிக்கும்போது அக்கம்பக்கமெல்லாம் கூடி நின்று பார்த்தது. மோகன் மட்டும் வீட்டுக்குள் போய் எனக்கு ஐஸ் போட்ட சிராப் சர்பத் கொண்டுவந்து கொடுத்தான். கிணற்றில் கிருமி என்று சொல்லவந்தவனுக்குச் சிராப் கொடுக்கிறானே, இவனல்லவா படித்தவன் என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை கோயில் மண்டபத்தில் விளக்கக் கூட்டம். கூட்டம் வரவேண்டுமே என்று டாக்டர் தன் கைக்காசில் கறிபாப் பலகாரமும் மைலோ பானமும் வாங்கி வைத்திருந்தார். கூட்டம் வந்தது. கறிபாப் தீரும் வரை நல்ல ஒழுக்கமாகவும் இருந்தது.

டாக்டர் பேச ஆரம்பித்தார். தவறாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் சிக்கல். படம் போட்டார். படத்தில் நூலைச் சுருட்டிவிட்ட மாதிரி ஒரு கிருமி. பிறகு கோடுகளும் கட்டங்களும். வெள்ளம் எப்படி வருகிறது, எலி எங்கே வாழ்கிறது, மாதிரி எப்படி எடுத்தோம், சோதனைக்கு எவ்வளவு எல்லை உண்டு. அரை மணி நேரம் ஆகியும் கிணற்றுக்கு வரவில்லை. கடைசியில் கோயில் தலைவர் ராமையா கையைத் தூக்கினார். "அம்மா, அந்தத் தண்ணில கிருமி இருக்கா, இல்லியா?"

டாக்டர் யோசித்தார். நேர்மையானவர்கள் இந்த இடத்தில்தான் யோசிக்கிறார்கள். "இருப்பதற்கான வாய்ப்பு இருக்கிறது. ஆனால் இது முதற்கட்ட முடிவு. உறுதியாக இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது."

"நம்ம வீட்டு விஷயமும் இப்படித்தான்லா சொல்றானுங்க" என்றது பின்வரிசை. மண்டபம் சிரித்தது. டாக்டரின் முகம் வாடிவிட்டது. அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து போய் மைக்கை வாங்கிக்கொண்டேன்.

ஐயா, அன்று நான் பேசினேன். கிருமிக்கு மீசை வைத்தேன். எலிக்குப் பெயர் வைத்து, அது கிணற்றோரம் நின்று ஒன்றுக்குப் போவதை நடித்துக் காட்டினேன். தோட்டத்துக் கலைநிகழ்ச்சியில் அறிவிப்பாளராக ஆசைப்பட்டு ஒரு முறையும் கூப்பிடப்படாத குரல் முழுவதையும் அன்று இறக்கினேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. அப்போது ஒரு பெண், "அந்தச் சிவப்பு அடிச்சிங்களே, அதுக்கு அப்புறம் என்னா நடக்கும்?" என்று கேட்டாள்.

குடிக்காதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அது எல்லாருக்கும் தெரிந்ததுதானே, கெட்டிக்காரன் அதைப் போய்ச் சொல்வானா? சபையைக் கொஞ்சம் மிரட்டலாம் என்று குரலைத் தாழ்த்தி, "சிவப்பு அடிச்ச வீட்டுப் பேரெல்லாம் மேலே போயிருச்சி. இனிமே அவங்களே நேர்ல வந்து பாப்பாங்க" என்றேன். பொய் இல்லை. சுகாதார அலுவலகத்துக்கு டாக்டர் உண்மையாகவே தகவல் அனுப்பியிருந்தார்.

வரிசைகளில் தலைகள் ஒன்றையொன்று திரும்பிப் பார்த்தன. பிறகு கைதட்டல். ராமையா எழுந்து நின்று தட்டினார். டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. "நீங்கள் இந்தத் துறைக்கே வரலாம்" என்றார் என்னிடம். விஞ்ஞானத்தின் மீது எங்கள் ஜனங்களுக்கு இவ்வளவு பாசமா என்று நானும் நெஞ்சு விம்மி வீட்டுக்குப் போனேன்.

வீட்டில் அக்கா சோற்றைப் போட்டாள், குழம்பை ஊற்றவில்லை. கேட்டதற்கு, "ஊரான் வீட்டுக்குச் செவப்பு, கூடப் பொறந்தவளுக்குப் பச்ச" என்றாள்.

பச்சைதான் நல்லது அக்கா என்றேன். அவள் என்னை ஒரு குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகுதான், நான் கேமரன் மலையில் முட்டைக்கோசோடு உருண்டுகொண்டிருந்த காலத்தில் பக்கத்துத் தோட்டத்தில் நடந்ததைச் சொன்னாள். அங்கேயும் தோட்டத்தை விற்றார்கள். அங்கேயும் ஒரு நாள் வெளி ஆட்கள் வண்டியில் வந்தார்கள். சில வீட்டுச் சுவர்களில் சிவப்புச் சாயத்தில் குறி போட்டார்கள், சிலவற்றில் போடவில்லை. எதற்கென்று யாரும் சொல்லவில்லை. சிவப்புக் குறி போட்ட வீட்டுக்காரர்களுக்கு மாற்று வீடு கிடைத்தது. குறி இல்லாத வீடுகளுக்கு இடிக்கிற இயந்திரம் வந்தது.

"இது வேற அக்கா. இது கிருமி. கெட்ட சேதி."

"கெட்ட சேதி சொல்ல எவனாச்சும் கறிபாப் வாங்கிக் குடுப்பானா?"

நான் எழுந்து போய்க் குழம்பை நானே ஊற்றிக்கொண்டேன்.

மறுநாள் காலை லயத்துக்குப் பின்னால் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். மோகன் வீட்டுக் கிணற்றுக்குச் சாமந்தி மாலை. சுவரில் நான் அடித்த சிவப்புக்கு மேல் சந்தனப் பொட்டு. கீழே அறுத்துப் பிழிந்த எலுமிச்சம்பழம். சுற்றிலும் வாளிகளோடு வரிசை. அதிகாரிகள் நேரில் வந்து பார்ப்பார்கள் என்றுதானே சொன்னேன்? வந்து பார்க்கும்போது சிவப்புக் கிணற்றை யார் யார் புழங்குகிறார்களோ அவர்கள் பெயரும் சேரும் என்று யாரோ கணக்குப் போட்டுவிட்டார்கள். சொந்த வீட்டில் பச்சைக் கிணறு வைத்திருந்தவர்களெல்லாம் அதை மூடிவிட்டு இங்கே வந்து நின்றார்கள். வரிசையின் நடுவில் எங்கள் மாமா.

நான் கிணற்றின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, குடிக்காதீர்கள், குடித்தால் செத்துப்போவீர்கள் என்று கத்தினேன். நேற்று மீசை வைத்த கிருமியைக் காட்டிச் சிரிக்க வைத்தவன் இன்று அழுதால் யார் நம்புவார்கள்? சில பிள்ளைகள் கைதட்டின. மோகன்தான் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான்: "மச்சான், ஒனக்கு மேலே ஆளு இருக்கு, நீ பொழச்சிக்குவ. போட்டி கொறையணும்னு எங்களைக் கெடுக்காதே." அவன் மாமியார் அதற்குள் ஒரு வாளித் தண்ணீரை என் தலையில் ஊற்றி என்னை இறக்கிவிட்டார். (நல்ல வேளை, வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்த வாரத்தில் அது ஒரு முறைதான் நடந்தது.)

மாமா சண்டை போடுகிறவர் இல்லை. தன் முறை வந்ததும் ஒரு சொம்பு மொண்டு, எல்லாரும் பார்க்கும்படி நிமிர்ந்து நின்று குடித்தார். கொதிக்க வைக்கவில்லை. கொதிக்க வைக்கச் சொல்லித்தான் இருந்தது, டாக்டர் காட்டாமலேயே விட்ட கடைசிப் படத்தில். என்னைக் கடந்து போகும்போது, "ஒங்க அக்காளுக்கு ஒரு வீடு வேணும்டா தம்பி" என்றார். கோபமாகக்கூட இல்லை.

டாக்டருக்குப் போன் போட்டேன். பினாங்கில் ஒரு மாநாட்டில் இருந்தார். விஞ்ஞானத்தைப் பாமர மக்களுக்கு எடுத்துச் சொல்வது எப்படி என்பது மாநாட்டின் பொருள். (சத்தியமாக.) நான் சொன்னது அவருக்குப் புரியவே வெகு நேரமாயிற்று. "மாலையா? கிணற்றுக்கா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். மாநாடு முடிந்ததும் வருவதாகச் சொன்னார். அதிகாரிகளுக்கும் சொல்வதாகச் சொன்னார். அதிகாரிகள் வரவில்லை. வந்திருந்தால் மாலை அவர்களுக்கும் விழுந்திருக்கும்.

ஒரு வாரம் போயிருக்கும். மாமாவுக்குக் காய்ச்சல் கண்டது. கெண்டைக்கால் பிடுங்குகிறது என்றார். குலை வெட்டுகிறவனுக்குக் கெண்டைக்கால் வலிக்காமல் வேறு யாருக்கு வலிக்கும் என்று தைலம் தேய்த்தோம். கண் சிவந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கெஞ்சினேன். அவர் வரவில்லை. அதிகாரிகள் வந்து பார்க்கிற நேரத்தில் வீட்டில் ஆண்பிள்ளை இல்லாவிட்டால் வீடு காலி என்று எழுதிவிடுவார்கள் என்று பயம். பாயை வாசலுக்கு இழுத்துப் போட்டு, ரோட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி படுத்துக்கொண்டார். வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்குவார். ஐஸ்கிரீம் வண்டிக்கும் தூக்கினார்.

நான் திரும்பவும் விளக்கம் சொல்லப் பார்த்தேன். அக்கா, "வாய மூடு" என்று மட்டும் சொன்னாள். சிறுநீர் பால் விடாத கோப்பி ஓ நிறத்துக்குப் போன அன்றுதான் அவளே பயந்து, மோகனைக் கூப்பிட்டாள். மோகனின் காரில் மாமாவைக் கிடத்திக் கொண்டுபோனோம். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு மோகன், "எங்க வீட்டுப் பிள்ளைங்களும் குடிச்சிதுங்க மச்சான்" என்றான்.

டாக்டர் யாழினி ஆஸ்பத்திரிக்கு வந்தார். மாமா மஞ்சளாகக் கிடந்தார், பக்கத்தில் இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரம். கூட்டத்தில் கடைசியாக நான் சொன்னதை வார்த்தை மாறாமல் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"நான் அரை மணி நேரம் பேசினேன்," என்றார். "அதில் குடிக்காதீங்கன்னு எங்கேயுமே சொல்லலை. இப்போ மனசுக்குள்ளே திரும்ப ஓட்டிப் பார்த்தேன். எங்கேயுமே இல்லை."

அன்றைக்கே லயத்துக்குப் போனார். இந்த முறை படம் இல்லை, கறிபாப் இல்லை, மைக்கும் இல்லை. (நானும் இல்லை. வண்டியிலேயே உட்காரச் சொல்லிவிட்டார்.) கண்ணாடியை இறக்கி வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். மாலை போட்ட கிணற்றுப் பக்கத்தில் போய் நின்று, எல்லாரும் கூடும் வரை காத்திருந்தார்.

"இந்தத் தண்ணியக் குடிக்காதீங்க. குடிச்சிட்டு முனியாண்டி அண்ணன் சாகக் கெடக்கறாரு. காய்ச்சல் இருக்கற பிள்ளைங்க இப்பவே கெளம்புங்க, வண்டி கொண்டாந்திருக்கேன்."

அப்புறம் ஒவ்வொருவராகப் பார்த்து, நான் என்ன சொன்னேன், நீங்கள் இப்போது என்ன செய்வீர்கள் என்று கேட்டார். ராமையாவையும் விடவில்லை. அவர் பள்ளிப்பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு, குடிக்க மாட்டேன், பேரனை ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறேன் என்று ஒப்பித்தார்.

கடைசியில் டாக்டர் சொன்னார்: "எனக்கும் வீட்டுக்கும் சம்பந்தம் இல்லை. செவப்புச் சாயத்துக்கும் வீட்டுக்கும் சம்பந்தம் இல்லை. என்னால யாருக்கும் ஒரு வீடும் வாங்கிக் குடுக்க முடியாது."

கிருமி என்றபோது அசையாத கூட்டம் இதற்கு அசைந்தது. அக்கா மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். மாமாவை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்தபோதும் அழாதவள், அப்போதுதான் அழுதாள். மோகனின் மாமியார் போய் மாலையைக் கழற்றினார். கழற்றியதை எங்கே போடுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

மோகனின் பிள்ளைகள் பிழைத்துக்கொண்டன. மாமாவும் பிழைத்தார், ஆனால் சிறுநீரகம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. வீடு யாருக்கும் கிடைக்கவில்லை. மாமா இப்போது பத்தாங் காலியில் ஒரு வாடகை அடுக்குமாடியில் இருக்கிறார், காவலாளி வேலை, பாதி உடம்பு. டாக்டர் யாழினி எப்போதாவது அவரைப் பார்க்க வருவார். இப்போதெல்லாம் எந்த ஊருக்குப் போனாலும் முதல் வாக்கியத்தில் விஷயத்தைச் சொல்லிவிட்டுத்தான் உட்காருவேன் என்றார் ஒரு முறை. எனக்கு வாக்கியமே கிடையாது. எங்கள் குடும்பத்தில் நான் எதையும் விளக்கக் கூடாது என்பது சட்டம். கல்யாண வீட்டில் மைக் வைத்திருக்கும் பக்கம் நான் நடந்தாலே யாராவது ஒரு பிள்ளை ஓடிவந்து கையைப் பிடித்துக்கொள்ளும்.

மாமாவுக்குத் தண்ணீர் அளவோடுதான். ஆஸ்பத்திரியில் அளவு சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். போன தீபாவளிக்கு எல்லாரும் கூடியிருந்தோம். நல்ல வெயில். சாப்பிட்டு முடித்ததும் மாமா தண்ணீர்க் குவளையைக் கையில் எடுத்துக்கொண்டு, சபையைக் கூட்டுகிற மாதிரி தொண்டையைச் செருமினார். எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். வருஷா வருஷம் நடப்பதுதான்.

"தம்பி, இதக் குடிக்கலாமா, கூடாதா? ஒரே வார்த்தைல சொல்லு."

வழக்கமாகக் குடிக்கலாம் என்பேன், சிரிப்பார்கள், குடிப்பார். அன்று அக்கா கதவோரம் நின்று, காலையிலிருந்து அவர் குடித்த அளவு முடிந்துவிட்டது என்று எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி தலையை ஆட்டினாள்.

"கூடாது" என்றேன்.

வீடே சிரித்தது. மாமாவும்தான் சிரித்தார். சிரித்துக்கொண்டே குவளையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்த பூச்செடித் தொட்டியில் ஊற்றினார்.